பள்ளிப் பலகையில் ‘வரலாற்றில் இன்று’ எழுதும் முறை: சேலம், ஏற்காடு ஆசிரியர்களுக்கு

சேலத்திலும் ஏற்காட்டிலும் உள்ள பல பள்ளிகளில், காலை இறைவணக்கக் கூட்டத்தில் திருக்குறளும் செய்திச் சுருக்கமும் முடிந்த பிறகு, ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு மாணவர் சில வரிகளைப் படிப்பது வழக்கம். அந்த வரிகள் பெரும்பாலும் முந்தைய நாள் இரவு வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலிலிருந்து எடுத்தவையாக இருக்கும். ஒரு போர், இரண்டு பிறந்தநாள், ஒரு மறைவு, எங்கோ ஒரு நாட்டில் காப்புரிமை பெற்ற ஓர் இயந்திரம் என்று பத்துப் பன்னிரண்டு செய்திகளை ஒரே மூச்சில் கேட்கும் பிள்ளைகளுக்கு, வரிசையில் வகுப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒன்றுகூட நினைவில் இருப்பதில்லை. இந்திய வரலாற்றிலிருந்து நாளொன்றுக்கு ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்து, அதன் தேதியைச் சரிபார்த்து, நான்கைந்து வாக்கியங்களில் பலகையில் எழுதும் முறையை இங்கே விளக்குகிறேன்.

முதலில் 366 அட்டைகளும் அவற்றை வைக்க ஒரு பெட்டியும் தேவை. கணினியிலும் செய்யலாம் என்றாலும், ஆண்டுதோறும் பொறுப்பாசிரியர் மாறும் பள்ளியில் கைக்குக் கை மாறுவதற்கு அட்டைப்பெட்டியே நம்பகமானது என்பது என் கருத்து. ஒவ்வோர் அட்டையின் மேல் ஓரத்தில் மாதமும் தேதியும், அதற்குக் கீழே நிகழ்ச்சியும், அதற்கும் கீழே அந்தத் தேதியை எந்த நூலில் அல்லது ஆவணத்தில் பார்த்தீர்கள் என்பதும் இருக்க வேண்டும். இந்த மூன்றாவது வரி இல்லாத அட்டையைப் பலகைக்கு அனுப்பக் கூடாது. எல்லா அட்டைகளையும் ஒரே மூச்சில் நிரப்ப முயல வேண்டியதில்லை. ஜூன் மாதத்துக்கு உரியவற்றை மே மாதத்தில் எழுதி முடித்தால் போதும்.

எந்தப் படியின் தேதி?

தேதிக் குழப்பங்களில் பெரும்பாலானவை, ஒரு நிகழ்ச்சிக்குப் பல படிகள் இருப்பதால் வருகின்றன. இந்திய அரசியலமைப்புச் சட்டம் 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையால் ஏற்கப்பட்டது. 1950 ஜனவரி 24 அன்று உறுப்பினர்கள் அதில் கையெழுத்திட்டார்கள். ஜனவரி 26 அன்று அது நடைமுறைக்கு வந்தது. மூன்றுமே சரியான தேதிகள்தாம், ஆனால் ‘அரசியலமைப்புச் சட்டம் உருவான நாள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் மூன்றுமே தவறாகிவிடும். ஆகவே ஏற்கப்பட்டதா, கையெழுத்தானதா, நடைமுறைக்கு வந்ததா என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்குரிய தேதியின் அட்டையில் மட்டும் எழுத வேண்டும். நம் மாநிலத்தின் பெயரும் அப்படியே. மொழிவாரி மாநிலங்கள் அமைந்தது 1956 நவம்பர் 1. தமிழ்நாடு என்று பெயர் மாற்றும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 1967 ஜூலை 18. அந்தப் பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14, பொங்கல் திருநாள்.

நம் மாவட்டத்தில் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு மேட்டூர் அணை. அதன் கட்டுமானம் 1925 ஜூலை 20 அன்று தொடங்கியது, அணை திறந்துவைக்கப்பட்டது 1934 ஆகஸ்ட் 21. ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் அணைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் வந்தது அந்தத் திறப்பையொட்டித்தான். மாணவர்களைக் கேட்டால் ஜூன் 12 என்று சொல்லுவார்கள், ஏனெனில் டெல்டாப் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாளாக ஆண்டுதோறும் செய்தியில் அடிபடுவது அதுதான். ஜூன் 12 என்பது வழக்கமான நாள். அணையில் நீர் போதுமான அளவு இல்லாத ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போயிருக்கிறது. வரலாற்று நிகழ்ச்சியையும் ஆண்டு வழக்கத்தையும் ஒரே அட்டையில் கலந்து எழுதாமல் இருப்பது நல்லது.

பல நாட்கள் நீடித்த நிகழ்ச்சிகளில் நீங்கள்தான் தேர்வு செய்ய வேண்டும். காந்தியடிகள் சபர்மதியிலிருந்து புறப்பட்டது 1930 மார்ச் 12, தண்டியை அடைந்தது ஏப்ரல் 5, உப்பை எடுத்துச் சட்டத்தை மீறியது ஏப்ரல் 6. திருச்சியிலிருந்து இராஜாஜி தலைமையில் வேதாரண்யம் யாத்திரை கிளம்பியது ஏப்ரல் 13, அங்கே உப்பு எடுத்தது ஏப்ரல் 30. சட்டம் மீறப்பட்ட நாளே இந்த இரண்டு யாத்திரைகளுக்கும் உயிர்நாடி என்பதால், ஏப்ரல் 6, ஏப்ரல் 30 ஆகிய இரண்டு அட்டைகளைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். மார்ச் 12 காலியாகிவிடுமே என்று கவலைப்பட வேண்டாம். அந்தத் தேதிக்கு வேறொரு நிகழ்ச்சி காத்திருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்த நாட்காட்டியின் தேதி?

பொறுமை அதிகம் தேவைப்படும் வேலை இதுதான். தீரன் சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட நாள் என்று பல நூல்களில் 1805 ஜூலை 31 என்று இருக்கும். ஆனால் சங்ககிரியில் ஆண்டுதோறும் அவருக்கு அஞ்சலி செலுத்தப்படுவது ஆடி 18 அன்று. இப்போது அது ஆகஸ்ட் 2 அல்லது 3ஆம் தேதியில் வருகிறது. கூட்டத்தில் ஜூலை 31 என்று படித்தால், சங்ககிரிப் பக்கத்திலிருந்து வரும் மாணவர் எவராவது எழுந்து, ‘ஆடிப்பெருக்கு அன்னைக்குத்தானே ஐயா?’ என்று கேட்பது உறுதி. அந்தக் கேள்வி நியாயமானது, அதற்குப் பதிலும் இருக்கிறது.

நம் சூரிய பஞ்சாங்கத்தின் ஆண்டு ஏறத்தாழ 365.2587 நாட்கள் கொண்டது. இப்போது உலகெங்கும் புழங்கும் கிரிகோரியன் ஆண்டின் சராசரி நீளம் 365.2425 நாட்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதுதான் என்றாலும், அது சேர்ந்துகொண்டே போய் ஏறக்குறைய 60 ஆண்டுகளுக்கு ஒரு முழு நாளாகிவிடுகிறது. அதாவது தமிழ் மாதங்கள் ஆங்கில மாதங்களுக்குள் மெல்ல முன்னோக்கி நகர்கின்றன. 1805க்கும் இன்றைக்கும் இடையே சுமார் 220 ஆண்டுகள் கடந்துவிட்டதால் மூன்று, மூன்றரை நாட்கள் நகர்ந்திருக்க வேண்டும். இன்று ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும் ஆடி 18, அன்று ஜூலை மாதத்தின் கடைசியில் வந்திருக்கிறது. ஆகவே ஆடி 18 என்ற மரபும் ஜூலை 31 என்ற தேதியும் ஒன்றோடொன்று மோதவில்லை. மோதுவது ‘1805 ஆகஸ்ட் 3’ என்று இன்றைய தேதியை அன்றைக்கு ஏற்றிச் சொல்வதுதான். இந்த அட்டையைப் பொறுத்தவரை என் பரிந்துரை, அதை ஆடி 18 வரும் நாளிலேயே பலகையில் எழுதி, அன்றைய ஆங்கிலத் தேதியையும் ஒரு வாக்கியத்தில் விளக்குவதாகும். அந்த நாள் உள்ளூர் விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்தைய பள்ளி நாளில் எழுதலாம். தமிழ்த் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்ற வேண்டியிருக்கும் இடங்களில் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை தொகுத்த பஞ்சாங்க அட்டவணைகளே இன்றுவரை ஆய்வாளர்கள் புரட்டுபவை. பெரிய நூலகங்களில் அவை கிடைக்கும்.

ஆங்கிலேயர் ஆவணங்களில் இதே சிக்கல் வேறு வடிவில் உள்ளது. பிரிட்டன் பழைய ஜூலியன் நாட்காட்டியை 1752 வரை விடவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு அடுத்த நாளை செப்டம்பர் 14 என்று அறிவித்துத்தான் மாறியது. பிரெஞ்சுக்காரர்களோ 1582லேயே புதிய முறைக்குப் போய்விட்டவர்கள். அதனால் சென்னையைப் பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே கைப்பற்றிய நாள் பிரெஞ்சுக் கணக்கில் 1746 செப்டம்பர் 21, ஆங்கிலேயர் அன்று எழுதிய கணக்கில் செப்டம்பர் 10. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எலிசபெத் அரசி சாசனம் வழங்கிய 1600 டிசம்பர் 31 என்பதும் பழைய கணக்குத்தான். 1752க்கு முற்பட்ட எந்த அட்டையிலும் ‘பழைய முறை’ அல்லது ‘புதிய முறை’ என்று ஓரத்தில் குறித்துவைத்தால், பின்னால் வரும் ஆசிரியர் குழம்பமாட்டார்.

நள்ளிரவைக் கடந்த நிகழ்ச்சிகளையும் தனியாகக் கவனிக்க வேண்டும். பாரதியார் 1921 செப்டம்பர் 11ஆம் தேதி இரவு, நள்ளிரவு கடந்த பிறகு மறைந்தார். ஆங்கில முறைப்படி அது 12ஆம் தேதி. சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை ஒரு நாள் என்று கணக்கிடும் நம் வழக்கப்படி அது இன்னும் 11ஆம் தேதியின் இரவுதான். தமிழ்நாடு அரசு செப்டம்பர் 11ஐ மகாகவி நாளாக அறிவித்திருப்பதால் பலகையில் அந்த நாளில் எழுதுவதே பொருத்தம், ஆனால் அட்டையில் இரண்டு தேதிகளும் இருக்க வேண்டும்.

சோழர், பாண்டியர் காலத்து நிகழ்ச்சிகளை ஆங்கிலத் தேதியில் எழுதும் ஆசையை விட்டுவிடுங்கள். கல்வெட்டுகள் மன்னரின் ஆட்சியாண்டைத்தான் பெரும்பாலும் தருகின்றன. நாள், நட்சத்திர விவரங்கள் எல்லாவற்றிலும் கிடைப்பதில்லை. ராஜராஜனின் பிறந்தநாளைத் தஞ்சையில் ஐப்பசி சதயத்தில்தான் கொண்டாடுகிறார்கள். உங்கள் பலகையிலும் அது அந்த ஆண்டின் ஐப்பசி சதயத்திலேயே வரட்டும்.

நாளிதழ்களைப் பார்த்துத் தேதி எடுக்கும்போது ஒரு சின்ன எச்சரிக்கை: காலை நாளிதழில் இருப்பது பெரும்பாலும் முதல் நாள் நடந்தது. இதழின் தேதியை நிகழ்ச்சியின் தேதியாக எழுதிவிடுவதால்தான் இணையப் பட்டியல்களில் பல நிகழ்ச்சிகள் ஒரு நாள் தள்ளி நிற்கின்றன.

சேலத்தோடு தொடர்பு

தேசிய நிகழ்ச்சிக்கு நம் ஊரோடு உண்மையான தொடர்பு இருந்தால் அதை ஒரு வாக்கியத்தில் சேர்ப்பது பிள்ளைகளின் கவனத்தை உடனே இழுக்கும். 1948 ஜூன் 21 அன்று இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பேற்ற இராஜாஜி, 1917இல் சேலம் நகராட்சியின் தலைவரானவர் என்பதைச் சொல்லாமல் அந்த அட்டையை எழுதக் கூடாது. அவர் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்ததும் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1 அன்று. 1920 டிசம்பரில் ஒத்துழையாமை இயக்கத்தை உறுதிசெய்த நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சேலம் வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார். நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது சேலத்தில் 1944 ஆகஸ்ட் 27 அன்று கூடிய மாநாட்டில். இவற்றுக்கெல்லாம் தொடர்பைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

மாவட்ட எல்லைகளில்தான் கவனம் வேண்டும். 1792இல் திப்பு சுல்தானோடு நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கம்பெனியின் கைக்கு வந்த இந்தப் பகுதியை உள்ளடக்கிய சேலம் மாவட்டம், நெடுங்காலம் ஓசூர் முதல் நாமக்கல் வரை பரந்திருந்தது. தருமபுரி 1965 அக்டோபர் 2 அன்றும், நாமக்கல் 1997 ஜனவரி 1 அன்றும் சேலத்திலிருந்து பிரிந்தன. கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. 1883இல் லெ ஃபானுவும் 1918இல் ரிச்சர்ட்ஸும் தொகுத்த சேலம் மாவட்டக் கையேடுகளைப் படிக்கும்போது இதை மறந்தால், ஓசூர்ப் பக்கத்தில் நடந்ததை நம் மாவட்டத்து நிகழ்ச்சி என்று எழுதிவிடுவோம். இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியே இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. ‘அன்றைய சேலம் மாவட்டத்தில்’ என்று எழுதினால் சிக்கல் தீர்ந்தது. தொடர்பு இல்லாத நாளில் இழுத்துப் பிடித்து ஒன்றை ஒட்டவைப்பதைவிட, பிளாசிப் போரைப் பிளாசியிலேயே விட்டுவிடுவது மரியாதை.

உயிர்ப்பலி நிகழ்ந்த நாட்களைத் தவிர்க்கத் தேவையில்லை, ஆனால் வாக்கியத்தை அமைதியாக அமைக்க வேண்டும். குடியரசு மலர்ந்து 16 நாட்களே ஆகியிருந்த 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் கொல்லப்பட்டார்கள். இதில் நாள், இடம், எண்ணிக்கை ஆகியவற்றைச் சொல்லி நிறுத்திக்கொண்டால் போதும். உரிச்சொற்களைக் கூட்டினால் கேட்பவர் நிகழ்ச்சியை விட்டுவிட்டு எழுதியவரின் கட்சி எது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

எழுதுவதும் படிப்பதும்

இப்போது மார்ச் 12க்கு வருவோம். அந்த அட்டையில் நான் எழுதச் சொல்வது இது: ‘1908 மார்ச் 12 அன்று வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டனர். அதைக் கண்டித்து மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். இருவரும் நீண்ட சிறைத் தண்டனை அனுபவித்தனர். சுப்பிரமணிய சிவா தம் இறுதிக் காலத்தில் அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த பாப்பாரப்பட்டியில் தங்கி, 1925 ஜூலை 23 அன்று அங்கேயே காலமானார்.’ நான்கே வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு புதிய செய்தி. பலகையில் எழுதினால் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் தெரியும் அளவில் எழுத்து இருக்கும், வாய்விட்டுப் படித்தால் அரை நிமிடத்தில் முடியும்.

படிப்பவர் ஏழாம் வகுப்பு மாணவர் என்றால் ஆண்டு எண்ணில்தான் தடுமாறுவார். எனவே அட்டையின் பின்புறத்தில் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் ஆண்டு’ என்று எழுத்தால் எழுதிக் கொடுங்கள். லா போர்தொனே போன்ற பெயர்களையும் அசை பிரித்து எழுதிக் கொடுப்பது நல்லது. ஏற்காட்டில் பலகை திறந்த வெளியில் இருந்தால் பனிமூட்ட நாட்களில் சாக்பீஸ் எழுத்து நனைந்து மங்கிவிடும்; அங்கே தாழ்வாரத்துச் சுவரே சரியான இடம்.

ஆண்டுக் கணக்கையும் கவனிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 15 நாடு கொண்டாடிய 79ஆவது சுதந்திர தினம்; ஆனால் சுதந்திரம் அடைந்து நிறைவடைந்தவை 78 ஆண்டுகள். முதல் கொண்டாட்டத்தையும் சேர்த்து எண்ணுவதால் இந்த ஒன்று கூடுகிறது. ‘எத்தனையாவது’ என்று எழுதுகிறோமா, ‘எத்தனை ஆண்டுகள் ஆயின’ என்று எழுதுகிறோமா என்பதைப் பார்த்துக்கொண்டு எண்ணை இட வேண்டும். சந்தேகமாக இருந்தால் நிகழ்ந்த ஆண்டை மட்டும் எழுதிவிட்டு, கழித்துப் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம்.

கடைசியாக விடுமுறை நாட்கள். சனி, ஞாயிறுகளில் வருபவற்றை வெள்ளிக்கிழமையே எழுதி, ‘வரும் ஞாயிறு’ என்று குறிப்பிட்டால் போதும். பிப்ரவரி 29க்கு உரிய அட்டையில் மொரார்ஜி தேசாய், ருக்மிணி தேவி இருவரின் பிறந்தநாளும் இருக்கும். லீப் ஆண்டு அல்லாதபோது அதை 28ஆம் தேதியின் அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். கோடை விடுமுறைதான் பெரிய இழப்பு. திப்பு சுல்தான் வீழ்ந்த 1799 மே 4, மீரட்டில் சிப்பாய்கள் எழுந்த 1857 மே 10, பல்லாவரத்தில் நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கால மனிதரின் கைக்கோடரியைக் கண்டெடுத்த 1863 மே 30 ஆகிய மூன்றுமே பள்ளி மூடியிருக்கும் நாட்கள். இவற்றை ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்துக்கு ஒதுக்கி, ‘கோடையில் கடந்த நாட்கள்’ என்று தலைப்பிட்டு நாளுக்கு ஒன்றாக எழுதலாம். ஏற்காட்டுப் பள்ளிகள் ஃபூட்டின் அட்டையை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்த அவருடைய நினைவிடம் அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது, அன்று மாலையே பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டிவிடலாம். அவர் மறைந்த 1912 டிசம்பர் 29ஆம் தேதியும் அரையாண்டு விடுமுறையில்தான் வருகிறது என்பதால், ஜூன் வாரத்தைத் தவறவிட்டால் அந்த ஆண்டு அவரைப் பற்றிச் சொல்ல வேறு நாள் கிடைக்காது.